திருநீற்றில் எழும்பிய கோடு

கையெழுத்து வாங்கும்வரை ஜீவமணியை எல்லோருக்கும் பிடிக்கும். நாற்காலி போடுவார்கள், கலர் உடைத்துக் கொடுப்பார்கள், அண்ணாச்சி நொண்ணாச்சி என்பார்கள். வாங்கிய பிறகு அந்த மனுஷன் எந்தப் பக்கம் போனார் என்று கேட்க ஒரு நாதி கிடையாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் தாணுலிங்கத்தின் லாஞ்சுக் கம்பெனியில் பதினோரு வருடம் பிட்டராக இருந்தவருக்கு இது தெரியாத விஷயமல்ல. தெரிந்தும் ஆகஸ்டு மாதம் ஏமாந்தார். அந்தக் கோபம் நவம்பர் வரைக்கும் ஆறவில்லை.

ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகளைக் கட்டி இழுத்துக்கொண்டு, சுமையாட்களையும் ஏற்றிக்கொண்டு அங்கே போய்வருவது நீராவி லாஞ்சுகளின் வேலை. அந்த வருடம் மார்ச்சில் ஓர் உத்தரவு வந்தது. மேற்குக் கரையில் எங்கோ ஒரு லாஞ்சு, நடுக்கடலில் விசிறியின் பிளேடு ஒடிந்து மூழ்கிவிட்டது. விசிறி என்றால் லாஞ்சின் பின்னால் தண்ணீருக்கடியில் சுற்றி அதைத் தள்ளுகிற புரொப்பல்லர். நாலு பிளேடில் ஒன்று போனால் மிச்சம் மூன்றும் தாறுமாறாகச் சுற்றி, அச்சை உலுக்கி, அடிப்பலகையைப் பிளந்துவிடும். செத்தவர்கள் பத்தொன்பது பேர்.

அதனால், யுத்த காலத்தில் பித்தளை கிடைக்காமல் வார்ப்பிரும்பு விசிறி மாட்டிய லாஞ்சுகளை எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரையேற்ற வேண்டும். பிளேடு பிளேடாகப் பார்த்து, லைசென்ஸ் உள்ள பிட்டர் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் லாஞ்சு நகரக் கூடாது. தாணுலிங்கத்திடம் இருந்த இரண்டு லாஞ்சுக்கும் வார்ப்பிரும்பு விசிறிதான்.

ஆகஸ்டில் அவை கரையேற வேண்டிய நாள் பதினாலாம் தேதி. விடிந்தால் சுதந்திரம். இரண்டு லாஞ்சுக்கும் கொடி கட்டி, ஊர்ப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு கடலில் வலம்வருவதென்று தாணுலிங்கம் ஏற்பாடு செய்திருந்தார்.

“இன்னைக்குப் போயா கரையேத்துவாவ? தேசத்துக்கே விடுதல கெடைக்கி. ஒம்ம பிளேடுக்கும் ஒரு வாரம் விடுதல குடும்வே” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜீவமணியும் சிரித்தார். அதுதான் கேவலம். தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த லாஞ்சுகளின் விசிறியைக் கண்ணால் பார்த்து, சுத்தியலால் தட்டி, விரிசல் இல்லையென்று கண்டதாக எழுதியிருந்த இரண்டு தாளிலும் பேனாவை ஓட்டினார். ஒரு வாரம் போயிற்று. இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். “ஆவட்டும், ஆவட்டும்” என்றார் முதலாளி. மூன்றாவது முறை கேட்க வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டவனுக்குக் கேட்கிற உரிமையும் அதோடு போய்விடுகிறது.

நவம்பரில் தவணை திரும்ப வந்தபோது, இந்தத் தடவை யார் என்ன சொன்னாலும் பார்க்காமல் போடுவதில்லை என்று ஜீவமணி வைராக்கியத்தோடு இருந்தார். ஒரு லாஞ்சைத்தான் கரையேற்ற விட்டார்கள். மற்றது விடியுமுன்னே தோணிகளை இழுத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டது. பர்மா அரிசிக் கப்பல் வந்து நின்றிருந்தது. ஊரே ரேஷன் கடை வாசலில் பையோடு நிற்கிற காலம். அய்யாக்குட்டி என்கிற கங்காணியின் கீழ் நாற்பது சுமையாட்கள், இந்த லாஞ்சு இறங்கியதும் ஏறிப் போவதற்காகத் தூக்குவாளியோடு மணலில் குந்தியிருந்தார்கள். வாடைக்காற்று மூஞ்சியில் மணலை அள்ளிப் போட்டது.

ஜீவமணி கயிற்றுப்பிரியும் மணலும் போட்டுப் பிளேடுகளில் ஒட்டியிருந்த சிப்பியைத் தேய்த்து எடுத்தார். பிறகு சின்னச் சுத்தியலால் தட்டினார். முதல் பிளேடு கணீரென்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, தொண்டை கட்டியவன் மாதிரிப் பேசியது. நாலாவதைத் தட்டிவிட்டு மறுபடியும் மூன்றுக்கு வந்தார். அதே கம்மல்.

விரிசல்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சத்தத்தை மட்டும் வைத்து ஒரு முதலாளியிடம் பேச முடியாது. கண்ணில் காட்ட வேண்டும். அதற்கு வழி இருந்தது. பிளேடில் சீமெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, ஈரமில்லாமல் துடைத்து, மேலே சாக்கட்டியைக் கரைத்துப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடாக எழும்பும். சீமெண்ணெய் தடவினார். அரைமணி காத்திருந்தார். பழந்துணியால் அழுந்தத் துடைத்தார். சிரட்டையில் சாக்கட்டியைப் பொடித்துக்கொண்டிருந்தபோது தாணுலிங்கம் வந்துவிட்டார். கையில் தாம்பாளம். அதில் குழைத்த திருநீறு, சந்தனம், குங்குமம், கற்பூரம்.

கரையேறிய லாஞ்சை, விசிறிக்குத் திருநீறு பூசாமல் அவர் தண்ணீரில் இறக்குவதில்லை. அது அவர் அப்பா காலத்துப் பாய்த்தோணியிலிருந்து வரும் வழக்கம்.

“தட்டிப் பாத்தாச்சுல்லா? பின்ன என்னத்தவே சிரட்டையும் கையுமா இருக்கீரு?”

“மூணாவது பிளேடுல சத்தம் சரியில்ல மொதலாளி. சாக்கட்டி பூசிப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“அது எப்பம் பூசி, எப்பம் காய? மத்தியானம் கடலு ஏறும்போது எறக்கலன்னா இன்னைக்குப் பொழுது போச்சு. அங்கன கப்பலு நிக்கி. இங்கன ஊரு பட்டினி கெடக்கு. நீரு சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கீரு. தள்ளும்.”

தள்ளவில்லை ஜீவமணி. முதலாளியே அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் குந்தினார். பக்தியில் குறை சொல்ல முடியாது. விரல் நுனியால் மூன்று கோடு இழுக்கிற கஞ்சத்தனமெல்லாம் கிடையாது. பிளேடின் அடிப்பகுதி மறைகிற மாதிரி உள்ளங்கையால் அப்பினார். நாலு பிளேடுக்கும் அப்பிவிட்டுக் கற்பூரத்தை ஏற்றப் போனார். வாடைக்காற்றில் அது பிடிக்கவில்லை. தீக்குச்சி ஒன்று, இரண்டு, ஐந்து என்று அணைந்துகொண்டே இருந்தது. அதற்குள் அதே காற்றில் திருநீறு காய்ந்து வெளுத்துவிட்டது.

முதலில் பார்த்தது அய்யாக்குட்டி.

“ஐயோ, சாமி! திருநீறு கறுக்குதே!”

மூன்றாவது பிளேடில், விசிறியின் நடுக்குடத்தோடு அது சேர்கிற இடத்துக்கு மேலே, குறுக்கே ஒரு கறுப்புக் கோடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு சாண் இருக்கும். சாக்கட்டி செய்ய வேண்டிய வேலையைத் திருநீறு செய்துவிட்டது. நேரமில்லை, நேரமில்லை என்று தள்ளிய சோதனையை முதலாளி தன் கையாலேயே செய்து முடித்திருந்தார்.

சுமையாட்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “சாமி குத்தம்” என்றது ஒரு குரல். “அபசகுனம்லே, இன்னைக்கு ஏறப்படாது” என்றது இன்னொன்று. நாற்பது பேரும் தண்ணீரைவிட்டு நாலடி பின்னால் போனார்கள்.

‘சாமியுமில்லை, குத்தமுமில்லை, அது விரிசல்’ என்று கத்த வாயைத் திறந்த ஜீவமணி, மூடிக்கொண்டார். ஆகஸ்டில் இரண்டு முறை சொன்னார், இன்றைக்கும் சொன்னார், ஒருவன் காதிலாவது ஏறியதா? இப்போது ஒரு கோட்டைப் பார்த்து நாற்பது பேரும் நின்றுவிட்டார்கள். எதற்காக நின்றால் என்ன, நின்றால் சரி என்று நினைத்தார். வேலை மிச்சம் என்றுகூட நினைத்தார். ஆகஸ்டில் சிரித்த புத்திதானே, எங்கே போகும்.

தாணுலிங்கம் தோள்துண்டை எடுத்து அவசர அவசரமாக அந்தத் திருநீற்றைத் துடைத்தார். புதிதாக அப்பினார். காற்று காயவைத்தது. கோடு அதே இடத்தில், அதே நீளத்தில், திரும்ப எழும்பியது. அந்த நிமிஷத்தில் முதலாளிக்கும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. எழுந்து வந்து ஜீவமணியின் காதோரம் குனிந்தார்.

“ஒரே ஒரு நட போயிட்டு வரட்டும்வே. அரிசிய எறக்கிட்டு வேற விசிறி மாட்டிருவோம்.”

“போட மாட்டேன் மொதலாளி.”

“ஆகஸ்டுல போட்டீரு?”

“அதான் இப்பம் போட மாட்டேங்கேன்.”

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு பேரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஒருவன் சைக்கிளில் பூசாரியை அழைக்கப் போனான். மற்றவன் சாயர்புரத்துக்குக் காரை எடுத்தான். அங்கே லைசென்ஸ் உள்ள இன்னொரு பிட்டர் இருந்தார். அவர் லாஞ்சின் பெயரைக் கேட்பார், தாளை வாங்குவார், போடுவார். விசிறியைக் காட்டச் சொல்லிக் கேட்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

அரைமணியில் பூசாரி வந்தார். பூசணிக்காயில் குங்குமத்தைப் போட்டு, லாஞ்சை மூன்று சுற்றுச் சுற்றி, மணலில் போட்டு உடைத்தார். எலுமிச்சம்பழத்தை அறுத்து நாலு திசையிலும் எறிந்தார். கற்பூரம் இந்தத் தடவை தேங்காய்ச்சிரட்டை மறைவில் நன்றாகவே எரிந்தது. சுமையாட்கள் முகத்தில் களை வந்துவிட்டது.

“தோசம் கழிஞ்சிபோச்சு. ஏலே, வாளிய எடுங்க” என்றார் அய்யாக்குட்டி.

ஜீவமணிக்கு ரத்தம் தலைக்கேறியது. சகுனத்தால் நின்றதைப் பூசணிக்காயால் நகர்த்திவிட முடியும் என்பது அந்த முட்டாள் மூளைக்கு அப்போதுதான் உறைத்தது.

“கோட்டிக்காரப் பயலுவளா! அது தோசமில்லலே, விரிசல்! இரும்பு விட்டிருக்கு! ஆயிரம் பூசணிக்கா ஒடைச்சாலும் அது ஒட்டாது!”

அய்யாக்குட்டி நிதானமாகத் திரும்பினார். “விரிசல்னா அப்பமே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி? சாமி குத்தம்னு நாங்க பொலம்பும்போது நீங்களும் வாய மூடிக்கிட்டுத்தான நின்னிய?”



“வேதக்காரருல்லா, நம்ம பூசயப் பாத்து எகத்தாளம்” என்று, ஜீவமணி கிறிஸ்தவர் என்பதைக் குத்திக்காட்டிப் பின்னாலிருந்து எவனோ சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். தூக்குவாளிகள் கிலுகிலுத்தன.

லாஞ்சின் மேல்தட்டிலிருந்து இனிகோ குதித்து இறங்கி வந்தார். லாஞ்சை ஓட்டுகிறவர் அவர். ஜீவமணியோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர். பூசை முடியும்வரை கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“வே, இங்க பாரும். எனக்குப் பூசணிக்காயும் வேண்டாம், சகுனமும் வேண்டாம். நீரு போடுத கையெழுத்து ஒண்ணுதான் எனக்கு. ஆகஸ்டுல இருந்து அத நம்பித்தான் ஆள ஏத்திக்கிட்டு ஓட்டுதேன். என் மச்சினனும் இந்தக் கூட்டத்துலதான் வாரான். இப்பம் என்ன சொல்லுதீரு?”

ஆகஸ்டு என்று கேட்டதும் ஜீவமணி விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒடியும்வே” என்று மட்டும் சொன்னார்.

“ஒண்ணும் ஒடியாது!” தாணுலிங்கம் குரலை உயர்த்தினார். “எனக்கும் இவருக்கும் ஒரு மனஸ்தாபம், அந்த வீம்புக்குச் சொல்லுதாரு. நல்ல பிளேடு. சாயர்புரத்து பிட்டரு வாராரு, பாத்துக் கையெழுத்துப் போடுவாரு. எல்லாரும் ஏறி உக்காருங்க, நேரமாவுது.”

இனிகோ யாரை நம்புவதென்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சுமையாட்கள் ஏணியை நோக்கி நகர்ந்தார்கள்.

கையெழுத்துப் போடாமல் இருந்துவிட்டால் போதும் என்றுதான் ஜீவமணி அதுவரை நினைத்திருந்தார். போதாது. அவர் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான். தாள் சரியாகிவிடும், நாற்பது பேர் கடலுக்குப் போய்விடுவார்கள். அவர் விறுவிறுவென்று போய், லாஞ்சைத் தாங்குகிற மரச்சட்டத்தில் ஆப்பு அடிக்கிற பெரிய சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஏ! ஏ! என்னத்தச் செய்யுதீரு?” முதலாளி பாய்ந்தார்.

“நல்ல பிளேடுன்னா ஒண்ணும் ஆவாது. தள்ளும்!”

முதல் அடியில் திருநீறு உதிர்ந்தது. பிளேடு நின்றது. இரண்டாவது அடியில் கை விண்ணென்று தெறித்து முழங்கைவரை மரத்துப்போனது. பிளேடு நின்றது. முதலாளி சொத்தை நாசம் செய்தவன் என்று போலீஸ் இழுத்துக்கொண்டு போவது கண்முன் வந்தது. வந்தால் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதாக ஓங்கிப் போட்டார். அந்தப் பிளேடு, சத்தம்கூட அதிகமில்லாமல், ஒடிந்து மணலில் விழுந்தது.

ஜீவமணி குனிந்து, அதன் ஒடிந்த முனையை மட்டும் மணலிலிருந்து நிமிர்த்திக் காட்டினார். முக்கால்வாசி துருவேறிக் கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் ஒரு விரல் அகலம்தான் புது இரும்பு பளபளத்தது.

“பாருங்கலே! எல்லாரும் வந்து பாருங்க! இந்த ஒரு விரலுதான் ஒங்க நாப்பது பேரயும் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கு!”

ஏணியில் ஏறியிருந்தவர்கள் இறங்கினார்கள். அய்யாக்குட்டி கிட்டே வந்து, அந்தத் துருவைப் பெருவிரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். மணலில் போய்க் குந்திவிட்டார்.

“சம்மட்டியால போட்டா எதுதான் ஒடியாது?” என்றார் தாணுலிங்கம்.

“துருவப் பாரும்! சம்மட்டி துருவ உண்டாக்குமா? இது மாசக்கணக்குல விட்ட விரிசல்.”

அதைக் கேட்டதும் முதலாளியின் முகம் தெளிந்தது. இத்தனை வருடம் துறைமுகத்தில் வியாபாரம் செய்தவர், சும்மாவா. நிதானமாகத் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“மாசக்கணக்குலயா? அப்பம் ஆகஸ்டுலயும் இருந்திருக்கணுமே. ஆகஸ்டுல கண்ணால பாத்தேன், தட்டிப் பாத்தேன், விரிசல் இல்லன்னு கையெழுத்துப் போட்டது யாருவே? எல்லாருக்கும் கேக்கும்படி சொல்லும். பழைய விரிசலா, ஒம்ம சம்மட்டி போட்ட விரிசலா?”

எல்லோரும் ஜீவமணியைப் பார்த்தார்கள். இனிகோவும் பார்த்தார்.

ஆகஸ்டில் நன்றாகத்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லைசென்ஸ் தப்பிக்கும், பேரும் தப்பிக்கும். ஆனால் அப்புறம் துருவைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. நல்ல பிளேடை வீம்புக்கு உடைத்தான் என்று கதை முடிந்துவிடும். இன்னொரு லாஞ்சு இதே விசிறியோடு, இதே கையெழுத்தோடு இப்போது கடலில் இருந்தது. அதிலும் ஆட்கள் இருந்தார்கள். தன்மேலேயே அவருக்கு வந்த வெறுப்பில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

“பழசு” என்றார். “ஆகஸ்டுல நான் பாக்கல. லாஞ்சு தண்ணியிலதான் கெடந்தது. பாக்காமலே போட்டேன். ரெண்டு லாஞ்சுக்கும்.”

முதலாளி இதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பார் என்றே கேட்டிருந்தார்.

இனிகோ வந்து ஜீவமணியின் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார். பதினோரு வருடத்தில் வே, நீரு என்று தவிர வேறு பேசாத மனுஷன்.

“மூணு மாசம்லே. தெனமும் ஒன் பேரச் சொல்லித்தானலே ஓட்டுனேன். நீ பாத்திருக்கன்னுதானலே எம் மச்சினன ஏத்துனேன்.”

அடிப்பார் என்று ஜீவமணி நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனிகோ சட்டையை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தார். தூரத்தில் மற்ற லாஞ்சு, காலித் தோணிகளை எடுக்கக் கரைக்கு வந்துவிட்டுத் திரும்பக் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்காற்றில் புகை பின்னால் படிந்து வந்தது. அதைத் திரும்பக் கூப்பிடுகிற கொடி துறைமுக ஆபீஸ் மாடியில்தான் இருந்தது. ஏற்ற வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும்.

ஜீவமணி அவசரமாகக் குனிந்து ஒடிந்த பிளேடைத் தூக்கப் போனார். ஒரு ஆளால் தூக்குகிற கனமில்லை அது.

“அது இங்கனயே கெடக்கட்டும்” என்றார் இனிகோ. “ஒன் வாயிதான் வேணும். இப்பம் சொன்னத ஒரு வார்த்த கொறையாம அங்கன வந்து சொல்லு. ஓடுலே.”

ஜீவமணி ஓடினார்.